கட்டுவோரும் காப்போரும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக்குள், 24 மணி நேரத்தில், புதுவையில் பெய்த மழை 45 சென்டிமீட்டரைத் தாண்டிற்று. நம் பகுதியில் ஓராண்டு முழுவதும் சேர்ந்து பெய்வது சராசரியாக 130 சென்டிமீட்டர் அளவே. ஆண்டு மழையில் மூன்றிலொரு பங்கு ஒரே நாளில் தலைமேல் விழுந்தது என்று கொள்ளலாம். இதை நம் அங்கத்தினர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. நெசவாளர் வீடுகளில் தறிக்குழிகள் கிணறுகளாயின. கஞ்சியேற்றித் தறியில் பூட்டியிருந்த பாவு நனைந்து கெட்டது. உழவருக்கோ சம்பாப் பயிர் நீருக்கடியில் நின்றது. இவ்வளவும் போதாதென்று, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கு மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்த வெள்ளம் பாகூர்ப் பகுதிக் கரையோர ஊர்களையும் சூழ்ந்தது.

மழை ஓய்ந்தபின் தேநீர்க்கடையிலும் சங்க அலுவலகத் திண்ணையிலும் நாம் கேட்ட பேச்சு இருவகைப்பட்டது. "அந்தக் காலத்து மனிதர் வெட்டிய ஏரி நிற்கிறது, இந்தக் காலத்து இஞ்சினீயர் கட்டியது நிற்கவில்லை" என்றனர் சிலர். "வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் மனிதன் என்ன செய்வான்?" என்றனர் வேறு சிலர். இவ்விரண்டில் எதையும் நாம் ஒப்புவதற்கில்லை. முன்னது, படித்தவர் உழைப்பை அறியாமல் சொல்வது. பின்னது, யாரும் எதற்கும் பொறுப்பில்லை என்று கைகழுவுவது. சிவில் இஞ்சினீயரிங் என்று உலகம் வழங்கும் கட்டுமானப் பொறியியல் உண்மையில் என்ன, அதில் நம் போன்றோருக்குப் பங்கு உண்டா என்பதைச் சற்றுப் பொறுமையாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'சிவில்' என்ற சொல் இத்தொழிலுக்கு எப்படி வந்தது என்பதை அறிந்தாலே பாதி விளங்கிவிடும். முற்காலத்தில் ஐரோப்பாவில் இஞ்சினீயர் என்றால் போர்ப்படையைச் சேர்ந்தவர். கோட்டை கட்டுவதும் கோட்டையை உடைப்பதும் அவர் வேலை. படையைச் சாராத குடிமக்களுக்காகப் பாலமும் துறைமுகமும் கால்வாயும் அமைப்போர் தம்மை வேறுபடுத்திக் காட்ட விரும்பினர். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஸ்மீட்டன் என்பவர் தம்மை 'சிவில் இஞ்சினீயர்' என்று அழைத்துக்கொண்டார். 1818இல் லண்டனில் அத்தொழிலாருக்கென ஒரு சங்கமே ஏற்பட்டது. பிரான்சு தேசமோ அதற்கு முன்னரே, 1747இல், பாரீசில் இதற்கென ஒரு கல்விச்சாலையை நிறுவிவிட்டது. 'பொன் ஏ ஷோசே' என்பது அதன் பெயர். பாலங்களும் மேடிட்ட பாட்டைகளும் என்பது பொருள். பிரெஞ்சு ஆட்சியில் புதுவையின் மராமத்து வேலைகளைக் கவனித்த துறைக்கும் அப்பெயரே வழங்கிற்று.

படை வேலைக்கும் குடிகள் வேலைக்கும் உள்ள வேற்றுமைக்குப் புதுவையைவிடச் சிறந்த சான்று தேடிப் போக வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் இங்குப் பெரும் பொருட்செலவில் லூயி கோட்டையைக் கட்டி 1706இல் முடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றி அதைத் தரைமட்டமாக்கினர். ஐம்பத்தைந்தே ஆண்டுகள்! இன்று அந்தக் கோட்டையின் இடத்தைக் காட்டவும் ஆள் தேடவேண்டும். ஆனால் அக்கோட்டைக்கு முன்னரே இருந்த ஏரிகளும் வாய்க்கால்களும் இன்றும் நமக்குச் சோறு போடுகின்றன. அவற்றை வெட்டியவர் பலருடைய பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்காவிடினும் மக்கள் நினைவில் சில பெயர்கள் உள்ளன. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை நம்மில் அறியாதார் இல்லை. பங்காரு, சிங்காரு என்னும் தேவதாசிச் சகோதரியர் தம் பொருளைக் கொண்டு அதை வெட்டுவித்தனர் என்பது இப்பகுதியின் மரபுச் செய்தி. அதுபோன்றே, நகருக்குக் குடிநீர் தந்த முத்திரையர்பாளையத்து நீர்நிலை ஆயி என்பவள் தன் மாளிகை இருந்த இடத்தில் வெட்டியது என்பர். பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் லமைரெஸ் என்னும் பிரெஞ்சு இஞ்சினீயர் அவ்விடத்து நீரைப் புதுவை நகருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதன் நினைவாக எழுந்ததே இன்றும் பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் வெண்ணிற ஆயி மண்டபம். வெளிநாட்டு இஞ்சினீயர் செய்த வேலைக்கு நம் ஊர்ப் பெண்ணொருத்தியின் பெயர் நின்றது நமக்கு மகிழ்ச்சியே. ஊர் மக்கள் தம் நாவறட்சியைத் தீர்த்தவரைத்தான் நினைவில் வைப்பர் போலும்.

இனி, ஏரி என்பது என்ன? மேட்டில் விழும் மழையைப் பள்ளத்தில் கரை போட்டு மறிப்பது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆயினும் கரை மட்டும் இருந்தால் அது ஏரியாகாது. ஊரை அழிக்கக் காத்திருக்கும் வெள்ளமாகும். வேண்டிய நீரை வேண்டிய பொழுது வயலுக்கு விட மதகு வேண்டும். கொள்ளளவுக்கு மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் தானாக வழிந்து செல்லக் கலிங்கு வேண்டும். வழிந்த நீர் அடுத்த ஏரியைச் சென்றடைய வாய்க்கால் வேண்டும். இந்நான்கில் ஒன்று பழுதாயினும் மற்ற மூன்றும் பயனற்றுப் போகும். பழந்தமிழ்நாட்டார் ஏரிக்குள் அமைத்த குமிழித் தூம்பை எண்ணிப் பாருங்கள். கல்தொட்டியின் மேற்புறம் நீரோடித் துளை. அடிப்புறம் சேறோடித் துளைகள். மேல்துளையைத் திறந்தால் பாசனத்துக்கு நீர் செல்லும். அதன் வேகத்திலேயே அடியில் படிந்த சேறும் கீழ்த்துளைகள் வழியாக வெளியேறும். ஏரியை வற்றவிட்டுத் தூர் வாரும் வேலையில் ஒரு பகுதியை ஏரி தானே செய்துகொண்டது. இதை அமைத்தவர் கல்லூரிக்குச் சென்றதில்லை என்பதால் அவர் இஞ்சினீயர் அல்லர் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

மேல்நாட்டுக் கல்வி பெற்று வந்தவரும் இதை உணராமல் இல்லை. காவிரியில் ஆழங்காணாத மணலின் மேல் அடித்தளம் இடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்தே கற்றதாக சர் ஆர்தர் காட்டன் ஒப்புக்கொண்டார். அப்படிக் கற்றதைக்கொண்டு 1836இல் முக்கொம்பில் மேலணையையும், 1852இல் கோதாவரியில் தவளேசுவரம் அணையையும் முடித்தார். 1794இல் சென்னையில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது பின்னர் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. ஆகவே பழையது, புதியது என்று இரு கட்சி கட்டி வாதாடுவது வீண். மணலும் நீரும் களிமண்ணும் கட்சி பார்ப்பதில்லை.

பழையவரிடம் இல்லாத ஒன்று புதியவரிடம் உண்டு, அது கணக்கு. ஒரு பாலத்தைக் கட்டுமுன் அதன் வழியே எவ்வளவு நீர் வரக்கூடும் என்று பொறியாளர் கணக்கிடுகிறார். மழை அளவேடுகளைப் பார்க்கிறார். எத்தனை சதுர மைல் பரப்பின் நீர் அந்த ஓடையில் வந்து சேரும், மண் எவ்வளவை உறிஞ்சும், சரிவு எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறார். இவற்றிலிருந்து 'நூறாண்டு வெள்ளம்', 'ஐம்பதாண்டு வெள்ளம்' என்று அளவு கூறுகிறார். இந்தச் சொற்களை நம்மவர் பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்கின்றனர். நூறாண்டு வெள்ளம் என்றால், இன்று வந்துவிட்டது, இனி நூறாண்டு அச்சமில்லை என்பதன்று. ஒவ்வோர் ஆண்டும் அது வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். முப்பது ஆண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டால் அது ஒருமுறையேனும் வந்துவிடுவதற்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. வங்கியில் முப்பதாண்டுத் தவணையில் வீட்டுக்கடன் வாங்கும் நெசவாளர் ஒருவர், தம் கடன் தீருமுன் அவ்வெள்ளம் தம் வாசலுக்கு வர நான்கில் ஒரு பங்கு இடமுண்டு என்று அறிந்தால், வீட்டுத் தரையை இன்னும் இரண்டு படி உயர்த்துவாரா, மாட்டாரா?

எந்த அளவு வெள்ளத்துக்குக் கட்டுவது என்பது கணக்கினால் மட்டும் முடிவாவதன்று. எவ்வளவு பணம் செலவிட இசைகிறோம், எவ்வளவு இழப்பைப் பொறுக்க இசைகிறோம் என்பதாலும் முடிவாகிறது. அந்த முடிவு பொறியாளருடையது மட்டுமன்று, சமூகத்துடையது. ஆனால் சமூகத்தை யாரும் கேட்பதில்லை. சமூகமும் தன்னைக் கேட்கவில்லையே என்று வருந்தியதில்லை.

தென்பெண்ணையில் அண்மையில் நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கத் தகும். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டு என்னுமிடத்தில் ஏறத்தாழ 16 கோடி ரூபாயில் கட்டிய பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. டிசம்பர் 2ஆம் நாள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அப்பாலம் ஏறத்தாழ 54,000 கன அடி நீரைத் தாங்கும்படி திட்டமிடப்பட்டது, வந்ததோ அதைப்போல மும்மடங்கு என்று அரசுத் தரப்பில் விளக்கம் கூறினர். விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூரில் 25 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய தடுப்பணையோ 2020இல் திறக்கப்பட்டு, 2021 ஜனவரி 23ஆம் நாள் ஒரு பக்கத் தடுப்புச்சுவர் இடிந்து நீரெல்லாம் வெளியேறியது. அவ்வாண்டு நவம்பர் வெள்ளத்தில் மேலும் சிதைந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் ஊழல் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் முதலாவதில் கேட்கவேண்டிய கேள்வி, மேலே ஒரு பேரணை இருக்கும் ஆற்றில் அந்த அளவைத் தேர்ந்தது சரியா என்பது. இரண்டாவதில் கேட்கவேண்டியது, அடித்தளமும் கரையும் சேருமிடத்தைக் கட்டியதையும் பார்வையிட்டதையும் பற்றியது. கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியாத ஊருக்குச் சரியான விடை ஒருபோதும் கிடைக்காது.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில் 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு 9 மதகுகள் இடிந்து கொள்ளிடத்தில் விழுந்தன. 182 ஆண்டுகள் உழைத்த கட்டடம் அது. அங்கே பிழை கட்டினவர் மேலதன்று. மூப்பு வந்ததை வேளையில் கவனியாதவர் மேலது. நம் பேச்சில் மிகக் குறைவாக இடம்பெறுவது இவ்வகைப் பிழைதான். ஏனெனில் திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. தூர் வாரியதற்குக் கல்வெட்டு வைத்ததை நாம் எங்கும் பார்த்ததில்லை.

பேரணைகளை விட்டு நம் தெருவுக்கு வருவோம். நெசவாளர்க்குத் தெரு என்பது வெறும் வழியன்று. அது தொழிற்கூடத்தின் ஒரு பகுதி. விடியற்காலையில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு நேரான, நிழலுள்ள, நீர் தேங்காத தெரு வேண்டும். நமக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் தெருவில், பத்துப் பதினைந்து ஆண்டுக்குள் மும்முறை சாலை போட்டனர். ஒவ்வொரு முறையும் பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய அடுக்கைப் பரப்பினர். படியேறிச் செல்லவேண்டிய வீடுகள் இன்று படியிறங்கிச் செல்லும் வீடுகளாயின. தெருக்கோடியில் இருந்த குழாய்ப் பாலத்தைப் புதுப்பித்தபோது குழாயை வாய்க்கால் மட்டத்துக்கு ஒரு முழம் உயரத்தில் பதித்துவிட்டனர். தண்ணீர் மேடேறிச் செல்லும் என்று எதிர்பார்த்தார்கள் போலும்! அதன் விளைவாக இன்று ஐப்பசியில் சாதாரண மழை பெய்தாலும் தறிக்குழியில் நீர் ஊறுகிறது; அதை இறைத்து, குழி உலர்ந்து, மீண்டும் தறியில் உட்காரப் பத்து நாளாகிறது. பத்து நாட் கூலி ஒரு குடும்பத்துக்கு என்ன என்பதை இவ்விதழின் வாசகர்க்கு நாம் சொல்லவேண்டா. அந்த வேலைகளைச் செய்தவர் ஒருவரும் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நாம் கருதவில்லை. மட்டம் பார்க்கவில்லை, அவ்வளவே. மட்டம் பார்க்கும் கருவி விலையுயர்ந்ததன்று. இரு முனையிலும் நீர் தெரியும் ஒரு கண்ணாடிக் குழாய் போதும். தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டில், பழைய மேற்பரப்பை அகற்றிய பின்னரே புதிய சாலை போடவேண்டும் என்று தலைமைச் செயலாளர் கடிதமே எழுத நேர்ந்தது. நோய் நம் ஊருக்கு மட்டும் உரியதன்று.

அந்தத் தெருவில் வேலை நடந்தபோது அறுபது குடும்பத்தினர் வீட்டில் இருந்தனர். கேட்டவர் ஒருவருமில்லை. நாமும் கேட்கவில்லை, ஆகையால் இதை எழுத நமக்கு நாணமாகவும் இருக்கிறது. "அது சர்க்கார் வேலை, நமக்கு என்ன தெரியும்?" என்பதே காரணம். ஆனால் நெசவாளருக்கா தெரியாது? ஊடை நெருக்கம் குறைத்து நெய்த துணி, கஞ்சியின் விறைப்பில் கடையில் நன்றாகவே தோன்றும். முதல் சலவையில் வலையாகும். சிமெண்டு குறைந்த காங்கிரீட்டும் திறப்பு விழாவன்று நன்றாகவே தோன்றும். முதல் மழையில் அதன் நிறம் தெரியும். ஒரு புடவையைக் கையில் எடுத்த மாத்திரத்தில் எத்தனை எண் நூல், நெருக்கம் என்ன என்று சொல்லும் கண்ணுக்கு, காங்கிரீட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்வது பெரிய காரியமன்று.

சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறோம். காங்கிரீட்டுக் கலவையில் நீரை மிகுதியாக ஊற்றினால் கொட்டுவது எளிது, வலிமை குறையும். கலவை கஞ்சிபோல் ஓடுவதைக் கண்டால் கேட்கவேண்டும். கொட்டிய பின் குறைந்தது ஏழு நாட்களாவது அதை ஈரமாக வைத்திருக்கவேண்டும். முழு வலிமையை அது ஏறத்தாழ 28 நாட்களில்தான் எய்துகிறது. சாக்குப் பையை மேலே போட்டு நீர் ஊற்றுவாரின்றிக் கிடந்தால், அச்சாக்கு வெறும் வேடமே. கடற்கரைக்கு அண்மையில் உள்ள நம் பகுதியில் உப்பு மணல் கலந்துவிடாமல் பார்ப்பது இன்றியமையாதது. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்து, துரு வீங்கிக் காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஏரிக் கரையிலோ, ஆபத்து பெரும்பாலும் மேலே தெரிவதில்லை. நண்டு வளையும் எலி வளையும் கரையின் ஊடே சென்று, நீர் அவ்வழியே கசிந்து மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டு போகும். வெளிப்புறத்தில் கசியும் நீர் தெளிவாக இருக்கும்வரை சற்றுப் பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அன்றைக்கே ஆள் திரட்டவேண்டும்.

இவற்றைப் பார்ப்பதற்கு நம் முன்னோர் ஆள் வைத்திருந்தார்கள். உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறித்த கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குடவோலை வழியே தேர்ந்ததைக் கூறுகின்றன. ஆண்டுக்காண்டு புதியவர் வந்தனர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலும் பாகூரில் பாசனக்காரர்களுக்கென ஒரு விவசாயச் சிந்திகா இருந்தது. பிற ஏரிகளுக்குப் பொதுக் காசகம் இருந்தது. பின்னர் 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஏரிதோறும் பயனாளர் சங்கம் அமைத்தனர். நிலமில்லாதவர்க்கும் பெண்களுக்கும் அவற்றில் இடம் வைத்தது நல்ல செயல். ஆனால் வெளிப்பணம் வந்தவரை சுறுசுறுப்பாக இருந்து, அது நின்றதும் சோர்ந்த சங்கங்கள் பல. கூட்டுறவில் அரை நூற்றாண்டு அடிபட்டவர்களாகிய நாம் இதைக் கண்டு வியப்பதற்கில்லை. உறுப்பினர் பங்குத்தொகை இல்லாத சங்கத்தில் உறுப்பினர் அக்கறையும் இருப்பதில்லை.

குடிமராமத்து என்று பழம்பெருமை பேசுவோர்க்கு ஒரு சொல். அந்தப் பழைய முறையில் மண் சுமந்தவர் பெரும்பாலும் நிலமில்லாதவரே. நீர் பாய்ந்தது நிலமுள்ளவர் வயலில். 1858இல் சென்னை மாகாணத்தில் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றினர். தமிழ்நாட்டு அரசு 2017இல் அப்பெயரை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவந்தது. பெயர் திரும்பட்டும், கட்டாயம் திரும்பவேண்டா. கரையில் வேலை செய்பவர் எவராயினும் கூலி பெறவேண்டும். அக்கூலிக்கு நீரால் பயன்பெறும் அனைவரும், நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு தரவேண்டும். நெசவாளரும் ஒரு சிறு பங்கு தருவது முறையே என்று நாம் கருதுகிறோம். ஏரி நிறைந்தால் அவர் கிணறு நிறையும், ஏரி உடைந்தால் அவர் தறிக்குழியும் நிறையும்.

இன்னொரு தொல்லை நம் புதுச்சேரிக்கே உரியது. நம் நீர் பெரும்பாலும் எல்லைக்கு அப்பாலிருந்து வருகிறது. பாகூர் ஏரிக்கு நீர் தரும் சொர்ணாவூர் அணைக்கட்டு தமிழ்நாட்டில் இருக்கிறது. வில்லியனூரை அடுத்த ஊசுட்டேரி இரு மாநிலத்திலும் பரந்து கிடக்கிறது. அதற்குச் சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக நீர் வருகிறது. அந்த ஆற்றின் மேற்பகுதியில் 1959இல் கட்டி முடித்த வீடூர் அணையின் பாசனப் பரப்பு ஏறத்தாழ 3,200 ஏக்கர். அதில் 1,000 ஏக்கர் புதுச்சேரியைச் சேர்ந்தது. எல்லைக்கோடு காகிதத்தில் வளைந்து வளைந்து செல்லும். நீரோ மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே செல்லும். ஆகவே வாய்க்காலின் தலைப்பில் உள்ள தமிழ்நாட்டு ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களோடு நம் சங்கங்கள் நேரடியாகப் பேசிப் பழகவேண்டும். அதிகாரிகள் மாறுவர், அவ்வூரில் பெண் எடுத்துப் பெண் கொடுத்த நாம் மாறமாட்டோம்.

நீர்மட்டம் தாழ்ந்துவரும் கதையை இங்கே விரிக்கவில்லை. அதற்குத் தனிக்கட்டுரை வேண்டும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இப்பகுதியில் ஆழத் துளையிட்ட சில கிணறுகளில் நீர் தானே பொங்கி எழுந்தது என்பதையும், இன்று நம் ஆழ்குழாய்க் கிணறுகள் எவ்வளவு ஆழம் போகின்றன என்பதையும், கடலோர ஊர்க் கிணறுகளில் நாவில் தட்டும் உப்பையும் ஒன்றாக வைத்து எண்ணினாலே போதும். ஏரிக் கரையைக் காப்பது வயலுக்கு மட்டுமன்று என்பது புலப்படும்.

இனி நம் மகாசபையின் முன் வைக்க விரும்புவது இதுதான். நம் கொம்யூன்களில் வாய்க்கால், சிறுபாலம், சாலை ஆகிய எந்த வேலை தொடங்கினாலும், அதன் மதிப்பீட்டுப் படியொன்றைக் கேட்டுப் பெற்றுச் சங்க அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டவேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் அதற்கு வழி தந்திருக்கிறது. ஒவ்வொரு சங்கமும் தன் உறுப்பினரில் இருவரை, ஒரு நெசவாளரும் ஓர் உழவருமாக, வேலை நடக்கும் இடத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் பொறியாளரோடு சண்டையிடச் செல்லவில்லை. நல்ல பொறியாளர் தம் வேலையைப் பார்க்க இரு கண்கள் கூடுதலாக வந்ததற்கு மகிழ்வார். மற்றவர் எச்சரிக்கையாக இருப்பார். பராமரிப்புக்கென ஒரு தனிக் கணக்கு இல்லாத புதிய கட்டடத்தை ஏற்றுக்கொள்வதில்லை என்றும் தீர்மானிக்கலாம். "கட்டித் தருவதாகச் சொல்வோரைத் திருப்பி அனுப்புவதா?" என்று சிலர் கேட்பர். அனுப்பவேண்டா, உட்காரவைத்து, பத்தாம் ஆண்டு இதன் மதகைச் செப்பனிடப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டால் போதும். நம் பிள்ளைகளில் பாலிடெக்னிக்கில் சிவில் படித்துவிட்டுச் சும்மா இருப்போர் பலர். அவர்களில் ஒருவருக்குச் சங்கம் ஒரு சிறு ஊதியம் தந்து, ஏரிதோறும் கரை உயரம், மதகின் நிலை, கலிங்கின் மட்டம் ஆகியவற்றைக் குறித்த ஒரு பேரேட்டை எழுதச் செய்யலாம். நூல் இருப்புக்குப் பேரேடு வைக்கும் சங்கம் நீர் இருப்புக்கும் ஒன்று வைப்பதில் தவறென்ன?

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். கரையில் வளை பார்ப்பதற்கும் கலிங்கின் கீழ் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் வெட்டுவதற்கும் ஆவணி மாதமே ஏற்ற காலம். புரட்டாசியில் மண் நனைந்துவிடும். கூலியும் மதிய உணவும் சங்கம் தருவதென்றால் எத்தனை நாள், எத்தனை ஆள் என்று கணக்கிடவேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர் அந்தந்தச் சங்கச் செயலாளரிடம் ஆடி முடிவதற்குள் எழுதிக் கொடுக்கலாம். மண்வெட்டி உள்ளவர் அதையும் குறிப்பிடுக.